ரசமட்டமும் என் வீட்டு வாசலும்

பூமி உருண்டையாக இருப்பதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. தென்காசியில் எத்தனையோ தெரு இருக்க, அவருக்குக் குடியிருக்க எங்கள் தெருதான் கிடைத்தது. அதிலும் என் எதிர்வீடுதான் கிடைத்தது. யார் செய்த பாவமோ தெரியாது, அனுபவித்தது நான்.

பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்கே தெரியாது. "ரசமட்டம் வீடு" என்றால் தெருநாய்கூட வழிகாட்டும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது ஒரு கட்டையை வைத்து, அதன் கண்ணாடிக்குள் ஓடுகிற குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாரே, அதுதான் ரசமட்டம். சாண் நீளத்தில் அப்படி ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே லத்தி பிடித்த கை சும்மா இருக்க முடியாமல் இதைப் பிடித்துக்கொண்டது என்பது என் கணிப்பு.

தெருமுனை டீக்கடையில் உட்காரும் முன் பெஞ்சில் ரசமட்டத்தை வைப்பார். "ஏலே, உன் பெஞ்சு மேக்க சாஞ்சிருக்கு. குடிக்க டீ எல்லாம் ஒரு பக்கமாவே இறங்குதுல்லா" என்பார். பரோட்டாக் கடையில் ஒரு நாள் கடைக்காரரைப் பரோட்டாக் கல் பக்கத்தில் இருந்து கூப்பிட்டு விசாரணையே நடத்தினார். "சால்னா ஊத்துனா நடுவுல நிக்கணும். உன் மேசை சாஞ்சு என் சால்னா அடுத்தவன் இலைக்குப் போகுது." அடுத்தவன் நான்தான். எனக்கு அதில் புகார் எதுவும் இல்லை. ஆனால் என்னை யார் கேட்டது?

எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகச் சுவரில் தொங்கும் கல்யாண போட்டோவைப் பார்ப்பார். ஒரு நாள் ரசமட்டத்தை அதன் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, "மாப்பிள்ளை பக்கம் இறங்கி நிக்கு" என்றார். "அது ஆணிக் கோளாறு இல்ல அண்ணாச்சி, ஆளு கோளாறு" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். சொந்த வீட்டில் எனக்கு இந்த மரியாதை.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு ஃப்ரிட்ஜ். வீட்டு ஃப்ரிட்ஜ் இல்லை, வண்டி ஃப்ரிட்ஜ். அதைச் சொல்ல வேண்டுமானால் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரசமட்டத்தை அண்ணாச்சி என்றும் அவர் வீட்டுக்காரியை மதினி என்றும்தான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். ஊரெல்லாம் குற்றாலத்தில் குளிக்கும்போது அண்ணாச்சி, குளிக்கிறவர்களுக்குக் காவல் நின்றார். தேருக்கு பந்தோபஸ்து, தேர்தலுக்கு பந்தோபஸ்து, மந்திரி வந்தால் பந்தோபஸ்து. லீவு போட்டு ஒரு ஊருக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். மதினி பார்த்த கடல், காலண்டரில் இருந்த கடல்தான். ரிட்டயர் ஆன அன்று அண்ணாச்சி, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றாராம். மதினி யோசிக்கவே இல்லையாம். "கடலோரமாவே போணும். எந்த ஊரு பிடிக்குதோ அங்கன நிக்கணும். யாரும் நம்மளத் திரும்பக் கூப்பிடக் கூடாது."

இந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது சர்க்கரை. மதினி தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். வாரக்கணக்கில் ஊர் சுற்றினால் மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். "ஒரு ஐஸ் பெட்டி போதாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஐஸ் பெட்டியோடு அவர்கள் ஒரு முறை மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். மருந்து ஐஸோடு ஒட்டிக்கொண்டு உறைந்து போயிருக்கிறது. உறைந்த இன்சுலின் உதவாது என்று தெரியாமல் அதையே போட்டு, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பதிலாக மதினி ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்தார்கள். அன்றைக்கு அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். சரியாகக் குளிர்கிற, உறைய விடாத ஃப்ரிட்ஜ் இல்லாமல் மதினி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அப்புறம்தான் கேரவன் வந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பது போன்ற மாளிகை இல்லை. பழைய டெம்போ வேன். உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு சன்னல், அதில் மதினி தைத்த திரைச்சீலை. ஃப்ரிட்ஜை மட்டும் வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பினான். அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். எனக்கு இப்படி ஒரு கைம்மாறு செய்வான் என்று நினைக்கவில்லை.

"இதுல மோட்டாரே கிடையாது வே" என்று அண்ணாச்சி எனக்கு விளக்கினார். "நின்னா கேஸு, ஓடுனா பேட்டரி. அடியில ஒரு சின்னத் தீ எரியும். குழாய்க்குள்ள இருக்க ஏதோ ரசாயனத் தண்ணி சூடாகி மேல போவும். பொறவு குழாய் வழியா தானா வழிஞ்சு வழிஞ்சு இறங்கும். அப்படியே உள்ள குளுந்துரும். ஆனா ஒண்ணு. வண்டி சாஞ்சு நின்னா தண்ணி ஒரு வளைவுல தேங்கிரும். தேங்கிச்சா, சோலி முடிஞ்சுது."

"ஓடும்போது சாயாதா அண்ணாச்சி?"

"ஓடும்போது குலுங்கிக்கிட்டே இருக்கும்லா, தேங்காது. நிக்கும்போதுதான் மட்டமா நிக்கணும்."

தீயை வைத்துக் குளிர வைப்பது! அதுவும் தரை சமமாக இருந்தால்தான் குளிருமாம்! மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற மனிதருக்கு, சமதரை கேட்கிற ஃப்ரிட்ஜை அனுப்பியவன் பிள்ளையா, பகையாளியா? இதை யாரும் கேட்கவில்லை. தெருவே கூடி நின்று "ஆகா, சத்தமே இல்ல பாருங்க" என்று அந்தப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தது.

ஃப்ரிட்ஜைப் பொருத்த இலத்தூரில் இருந்து ஒரு ஆசாரி வந்தார். என் வீட்டு முன்னால் வேப்பமர நிழல் இருப்பதால் வேலை அங்கே நடந்தது. தெரு குறுகல். வண்டியை ஓரங்கட்டியதில் பின்பக்க இடது சக்கரம் என் வாசலில் சாக்கடைத் தண்ணீர் ஓடும் வாறுகாலை மூடியிருக்கும் சிமெண்ட் பலகை மேல் ஏறி நின்றது. ஏறியது ஏறியதுதான். ஃப்ரிட்ஜ் பொருத்தி முடிந்த பிறகும் வண்டி அந்த இடத்தை விடவில்லை. "நெழலு நல்லாருக்கு வே" என்றார். நிழல் நன்றாக இருக்கிறது என்றால் மரம் வைத்தவன் இளிச்சவாயனா? என் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வழியில்லை. தெருமுனையில் டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மழையில் நடந்தேன். வெயிலில் நடந்தேன். காய்கறிப் பையோடு நடந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, வாக்கிங்கா?" என்று கேட்டார்கள்.

கேரவனின் முதல் பரீட்சை குற்றாலம். இங்கிருந்து கூப்பிடு தூரம். "குத்தாலத்துலயே குளிரலன்னா திருச்செந்தூர்ல எங்கன குளிரும்?" என்பது அவருடைய வாதம். மருந்து வைக்க வேண்டிய தட்டில் சோதனைக்காக ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் வரை தயிர் புளிக்காமல் இருந்தால் கடல் பயணம் உண்டு. புளித்தால் இல்லை. மதினியின் வாழ்நாள் ஆசையை ஒரு கிண்ணம் தயிரின் கையில் ஒப்படைத்தவரை வேறு எங்காவது கண்டிருக்கிறீர்களா?

முந்தின நாளே என் வாசலில் கேஸைப் பற்றவைத்துவிடுவார். காலையில் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருக்கும். ஐந்தருவி ரோட்டில் ஒரு தோப்பில் வண்டியை நிறுத்தி, வண்டித் தரையில் ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பலகை, பலகைக்கு மேல் ஓட்டுச்சில்லு, அதற்கு மேல் மடித்த சாக்கு என்று அடுக்குவார். சாரல் அடிக்கும். குரங்கு வந்து ஓட்டுச்சில்லை உருவிக்கொண்டு போகும். திரும்ப முதலில் இருந்து. அருவிக்குப் போகிற கூட்டத்தை நிறுத்தி, "ஏய், நீங்க நாலு பேரும் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. கனமா இருக்கவன் முன்னால வா" என்று பழைய உத்தியோகக் குரலில் ஆணை போடுவார். எண்ணெய் தேய்த்துக்கொண்ட உடம்போடு நாலு பேர் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதை, அருவிக்குக் குளிக்கப் போன வழியில் நான் கண்ணால் பார்த்தவன். எதற்காக நிற்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

குமிழ் நட்டநடுவில் வந்து நிற்கும். அண்ணாச்சி கும்பிடு போடுவார். சாயங்காலம் தயிர் புளித்திருக்கும்.

ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. அந்த சீசன் முழுக்க இதே கதை. கோபத்தில் மலையைப் பார்த்துக் கத்துவார். "எவம்லே இந்த மலையை இங்கன கொண்டு வந்து வச்சது?" கடைசியில் இலத்தூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்துக்கே வண்டியைக் கொண்டுபோனார். அங்கே பலகை அடுக்கும் வேலைகூட இல்லை. குமிழ் தானாக வந்து நடுவில் உட்கார்ந்தது. தயிர் அங்கேயும் புளித்தது. உடனே கேஸ் கம்பெனியைத் திட்டினார். பால்காரரைத் திட்டினார். "உம்ம வேப்பமரத்துக் காத்து பட்டு வண்டி சொகுசு கண்டுபோச்சு வே" என்று என்னையும் திட்டினார். ஏனென்றால் திரும்பி வந்து என் வாசலில் ஏற்றி நிறுத்தினால் மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருக்கும். இதைவிட ஒரு மனிதனை ஆத்திரப்படுத்த ஒரு பெட்டியால் முடியுமா?

என் வாசலில் மட்டும் அவர் ரசமட்டம் வைத்ததே இல்லை. "இது பார்க்கிங்குல்லா. கேம்ப் போட்டாத்தான் மட்டம் பாக்கணும்" என்பது அவர் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. சோதனை நடக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர் போய்விடுமாம். மதினிகூடத் தொட முடியாது. அந்தக் கதவுக்கு அவர் போட்ட பந்தோபஸ்து எந்த மந்திரிக்கும் போட்டிருக்க மாட்டார்.

சீசன் முடியப்போகும் நேரத்தில் மதினி என் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கமாகச் சிரிக்கிறவர்கள் அன்று சிரிக்கவில்லை. "தம்பி, நாளைக்குப் பழைய குத்தாலத்துல வச்சுப் பாக்காகளாம். அதுதான் கடைசி. அதுலயும் புளிச்சுட்டுன்னா வண்டிய வித்துருதேன்னு சொல்லுதாக. நீங்களும் கூட வாங்களேன். வேற ஒரு கண்ணு பாத்தா எதாவது தெரியாதா?" என்றார்கள். பிறகு, "கடலு எங்க போவுது, அங்கனதான் கெடக்கும். நாந்தான் போக மாட்டேன் போல" என்றார்கள். நான் ஃப்ரிட்ஜைப் பற்றி எதுவும் தெரியாதவன். போனேன்.

பழைய குற்றாலத்துப் பாதையில் ஒதுக்குப்புறமாக ஒரு இடம். காலையில் தொடங்கிய பலகை அடுக்கல் உச்சி நேரத்தில் முடிந்தது. நானும் கல் தூக்கினேன். என் வேட்டி சேறானது. அட்டை ஒன்று என் கெண்டைக்காலில் விருந்து சாப்பிட்டது. குமிழ் நடுவில் நின்றது. அண்ணாச்சி வண்டித் தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இம்மி பிசகல" என்றார். சாயங்காலம் தயிர்க் கிண்ணத்தை எடுத்து நாக்கில் வைத்தார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நீட்ட வேண்டிய அவசியமே இல்லை, வாடையே சொன்னது.

மதினி திரைச்சீலையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஒரு சீசன் முழுக்கத் தெருமுனையில் இருந்து நடந்த கோபம், அட்டைக்கடி, மதுரை ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து வந்தது.

"அண்ணாச்சி, நீங்களும் உங்க ரசமட்டமும்! காலையில இருந்து சாயங்காலம் வரை அந்தக் குமிழையே பாக்கீயளே, மதினி மூஞ்சிய ஒரு தடவ பாத்தீயளா?" என்று கத்தினேன். அவர் கையில் இருந்த ரசமட்டத்தைப் பிடுங்கினேன். பந்தோபஸ்து போட்ட அந்தக் கதவைப் படாரென்று திறந்தேன். "இந்தச் சவத்தையும் உள்ள வச்சுக் குளிர வைங்க!" என்று தட்டில் போட்டேன்.

அண்ணாச்சிக்கு மீசை துடித்தது. "வே! கதவச் சாத்தும் வே!" என்று பாய்ந்தார்.

"நில்லுங்க" என்றார்கள் மதினி.

அந்தக் குரலை நாங்கள் இருவரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மதினி குனிந்து ஃப்ரிட்ஜுக்குள் பார்த்தார்கள். "ஏங்க, உங்க குமிழு ஓரத்துல போயி ஒட்டிக்கிட்டு நிக்கே?"

பார்த்தோம். வண்டித் தரை மட்டமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் மட்டமாக இல்லை. ஒரு பக்கமாக, வெட்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி, சாய்ந்து நின்றது.

அண்ணாச்சி அங்கிருந்தே ஆசாரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

"ஏலே, என் ஃப்ரிட்ஜைக் கோணலா வச்சிட்டியேலே!"

"நான் எங்க அண்ணாச்சி வச்சேன்? நீங்கதான ரசமட்டத்தை உள்ள வச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் தூக்கு, இன்னும் கொஞ்சம் தூக்குன்னு உயிர எடுத்தீய. குமிழு நடுவுல வந்ததும் ஆணி அடின்னீய. அடிச்சேன்."

"அப்பம் வண்டி எங்கன நின்னுச்சு?" என்று மதினி கேட்டார்கள்.

எனக்குத்தான் முதலில் விளங்கியது. வண்டி என் வாசலில் நின்றது. இடது சக்கரம் என் வாறுகால் பலகை மேல் தூக்கி நின்றது. சாய்ந்து நின்ற வண்டிக்குள், பூமிக்கு மட்டமாக, இம்மி பிசகாமல் ஃப்ரிட்ஜைப் பொருத்தியிருக்கிறார் மனுஷன்! அந்த ஃப்ரிட்ஜ் நேராக நிற்க வேண்டுமானால் வண்டி சாய்ந்துதான் நிற்க வேண்டும். உலகத்தில் அது சரியாக வேலை செய்யக்கூடிய ஒரே இடம் என் வீட்டு வாசல். அண்ணாச்சி கொஞ்சம் சோம்பேறியாக இருந்து, கிடைத்த இடத்தில் வண்டியைக் கோணலாக விட்டிருந்தால், என்றைக்காவது ஒரு நாள் தயிர் பிழைத்திருக்கும். பார்த்துப் பார்த்து மட்டம் செய்தே தயிரைப் புளிக்க வைத்தார்.

ஆசாரி அப்போது கேரளாவில் ஒரு வேலையில் இருந்தார். ஓணம் கழிந்துதான் வருவேன் என்றார். கேஸ் குழாயோடு பொருத்தியதை வேறு யாரும் தொடவும் முடியாது. அண்ணாச்சி தலை குனிந்தார். "அவன் வரட்டும். ஓணத்துக்குப் பொறவு பாப்போம்" என்றார். லீவில் கிளம்பியவரைப் பாதி வழியில் திரும்பக் கூப்பிட்ட அதே குரல்தான். மதினி மடித்த திரைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

அண்ணாச்சி அந்தத் திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், காலையில் இருந்து நாங்கள் முதுகொடிய அடுக்கிய பலகைகளை எல்லாம் தானே உதைத்தும் உருவியும் கலைத்தார். இடது பின்சக்கரத்துக்கு அடியில் மட்டும் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வண்டியை ஏற்றினார். நான் ஃப்ரிட்ஜுக்குள் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குமிழ் ஊர்ந்து வந்து நடுவில் நின்றது. வண்டி அசிங்கமாகச் சாய்ந்தது. அடுப்பில் இருந்த பாத்திரம் உருண்டு ஓடியது. கட்டில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. புதுத் தயிர் வாங்கி வைத்து மறுநாள் வரை அங்கேயே இருந்தோம். தயிர் புளிக்கவில்லை.

"இப்படிக் கோணலாவே எப்படி அண்ணாச்சி இருப்பீய? உங்களுக்கு பெஞ்சு சாஞ்சாலே ஆகாதே" என்றேன்.

"மருந்து நேரா நிக்குல்லா வே" என்றார். "நான் எப்படி நின்னா என்ன?"

ஓணம் வரை காத்திருக்கவில்லை. என் வாறுகால் பலகையின் உயரத்தை அளந்து, அதே கனத்தில் ஒரு மரக்கட்டை செய்துகொண்டார். அதற்கு "தம்பி வீட்டு வாசல்" என்று மதினி பெயர் வைத்தார்கள். எந்த ஊரில் நின்றாலும் முதலில் தம்பி வீட்டு வாசலை இறக்கி, அதன் மேல் சக்கரத்தை ஏற்றுகிறார்களாம். மேடு பள்ளத்துக்குத் தக்கபடி கூட நாலு சில்லு. இந்த முறை ரசமட்டம் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறதாம்.

போனில் படம் அனுப்புகிறார். மணப்பாட்டில் இருந்து ஒன்று, உவரியில் இருந்து ஒன்று, கன்னியாகுமரியில் இருந்து ஒன்று. கடலைப் படம் எடுத்து அனுப்பத் தெரியாத மனுஷன்! எல்லாப் படத்திலும் அந்தக் குமிழ்தான். கன்னியாகுமரிப் படத்தில் மட்டும், திறந்திருக்கும் வண்டிக் கதவு வழியாக ஓரத்தில் கொஞ்சம் கடல் தெரிந்தது. அதில் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மதினி நின்றார்கள். மதினி அன்று போனில் பேசும்போது, "தூங்கும்போதுதான் தம்பி கஷ்டம். நான் உருண்டு அவுக மேலயே விழுதேன். அவுக ஒரு வார்த்தை வைய மாட்டேங்காக" என்றார்கள்.

போன வாரம் நகராட்சியில் இருந்து ஆட்கள் வந்தார்கள். தெரு முழுக்க வாறுகால் பலகையைச் சீர் செய்கிறார்களாம். ஒருவர் என் வாசலில் நின்று, "சார், உங்க பலகை மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கு. இடிச்சு மட்டமாப் போட்டுத் தாரோம்" என்றார். ஒரு சீசன் முழுக்க நான் வேண்டிக் கிடந்தது இதைத்தான். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"தொட்டீயன்னா நடக்கதே வேற! யாரைக் கேட்டு இடிக்க வந்தீய? அது அப்படித்தான் இருக்கணும்!"

"சாஞ்சுல்லா இருக்கு சார்?"

"சாஞ்சுதான் இருக்கணும்! போங்க!"

போய்விட்டார்கள். வேப்பமர நிழலில் வாசல் காலியாகக் கிடக்கிறது. ஸ்கூட்டரை நான் இன்னும் தெருமுனையில்தான் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன்.